நின்று நின்று ஓடும் ஓடை

சலவைக்கடைக்காரிக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. சோப்பு போட்ட விரிப்புகள் கல்லில் கிடக்க, ஓடைத் தண்ணீர் கூழாங்கற்களுக்கு நடுவே கசிவாக மெலிந்துவிட்டது. மழை பொய்த்த அந்தக் கோடையில் தினமும் இதே கூத்து. கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு தானாகவே வரும்.

ஓடைக்கு மேற்புறம் கொழுந்தனின் காய்கறித் தோட்டம். ஈரக்கையோடு அங்கே போய் நின்றாள். ஓரகத்தி தக்காளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் பேசியே பல நாளாகியிருந்தது.

"மோட்டாரை நிறுத்து. துணி அலசணும்."

"மோட்டார் ரிப்பேருக்குப் போயிருக்குக்கா. நீங்கதான் கீழே தண்ணியை அடைக்கிறீங்கன்னு அவர் சொல்றாரு."

"கீழே அடைச்சா மேலே எப்படிடி குறையும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். திட்டு வாங்கினதுதான் மிச்சம்."

மூத்தவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

"அப்போ யாரு வேலை இது? வா, பார்த்துட்டு வருவோம்."

தோட்டத்துக்கும் மேலே, ஓடையோரம் இருந்த மர அறுவை மில்லில் விசாரித்தார்கள். ஓடைத் தண்ணீரைத் தொடுவதே இல்லை என்றார்கள் மில்காரர்கள். மில்லைத் தாண்டி இருவருமே போனதில்லை. புதரை விலக்கி ஏறினால், ஒரு பாறையின் அடியில் அண்டா வாயளவு பொந்து. ஓடை அங்கேதான் பிறக்கிறது. இப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை.

மூத்தவள் தோள்வரை கையை விட்டாள்.

"பாம்பு கீம்பு இருக்கப் போகுதுக்கா."

"இருந்தா அதுகிட்டயே கேட்டுக்கறேன். காத்து உள்ளே இழுக்குதுடி."

அப்போது உள்ளே யாரோ மடக்மடக்கென்று குடிப்பதுபோல் ஒரு சத்தம். கையை எடுப்பதற்குள் தண்ணீர் பீறிட்டு இருவரையும் நனைத்தது. நகர மனமில்லாமல் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் பொங்கியது, மெலிந்தது, நின்றது. சும்மா இருந்துவிட்டு மறுபடி பொங்கியது. யாரும் கை வைக்காமலே எல்லாம் நடந்தது.

அடுத்த முறை வடிந்தபோது, ஈர மணலில் ஏதோ துடித்தது. சின்னவள் உள்ளங்கையில் ஏந்தினாள். நூல் தடிமனில் வெள்ளை இறால். உடம்புக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது.

"இதுக்குக் கண்ணே இல்லையேக்கா."

"வெளிச்சமே பார்க்காத இடத்துல இருந்து வந்திருக்கு. அப்போ உள்ளே பெரிய குளமே இருக்கும்போல. அது நிரம்பினா தண்ணி வெளியே வருது, வடிஞ்சா நிக்குது."

சின்னவள் அதைப் பொந்துக்குள், கை எட்டிய ஆழத்தில், ஈரமான இடமாகப் பார்த்து இறக்கிவிட்டாள். தலையோடு தலை இடிக்க இருவரும் குனிந்து, அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.