இரண்டு கோடியிலும் மூடி

ரத்தினவேல் முதலாளியின் பீங்கான் கம்பெனியில் அப்போது மூன்று கம்ப்யூட்டர்கள். முதலாளி அறையில் ஒன்று, பில் போடுகிற என் மேசையில் ஒன்று, பேக்கிங் ஷெட்டில் விருத்தாம்பாளிடம் ஒன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். எத்தனை பெட்டி ஃபியூஸ் கட்டை லாரி ஏறியது என்று முதலாளி கேட்டால், விருத்தாம்பாள் ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு விருத்தாசலத்து வெயிலில் ஓடி வருவாள். ஒரு நாள் அந்த ஃப்ளாப்பி, பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றுகிற பூச்சைக் கரைத்து வைத்திருக்கும் கிளேஸ் தொட்டியில் விழுந்தது. அதற்கப்புறம்தான் முதலாளிக்கு நெட்வொர்க் ஞானம் பிறந்தது. அது 1997.

கடலூரிலிருந்து அன்புச்செல்வன் என்கிற ஆள் வந்தார். கறுப்பு கேபிளை முதலாளி அறையில் ஆரம்பித்து, என் மேசை வழியாக இழுத்து, பேக்கிங் ஷெட்டில் கொண்டுபோய் முடித்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் ஒரு இணைப்பைச் சொருகினார். சாயங்காலம் வரை குனிந்து நிமிர்ந்தும் ஒன்றும் ஓடவில்லை. கிளம்பும்போது முதலாளி அறை வாசலில் நின்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"பேக்கிங் ஷெட்டுல டெர்மினேட் பண்ணாம ஓடாதுங்க சார்."

"அப்பப் பண்ணிடு. அத ஏன் இழுத்துக்கிட்டு?"

"நாளைக்குக் காலையில முடிச்சிடறேங்க."

டெர்மினேட் என்றால் என்னவென்று எங்கள் கம்பெனியில் களிமண் மிதிக்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். போன வருஷம் ஆர்டர் இல்லாதபோது அந்தச் சொல் அச்சடித்த காகிதத்தோடுதான் நாலு பேர் வீட்டுக்குப் போனார்கள். போதாக்குறைக்கு முதலாளியின் மச்சான் மகன் ராஜா வேறு, கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டோடு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து, எந்த நாற்காலி காலியாகும் என்று சுற்றிக்கொண்டிருந்தான். நான் நேராகப் பேக்கிங் ஷெட்டுக்குப் போய்ச் சொன்னேன். கோள் சொல்கிறவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டதைச் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

விருத்தாம்பாள் அழவில்லை. கிளேஸ் தொட்டியில் கட்டைகளை முக்கி முக்கி உள்ளங்கை வெடித்தவள். வேலை முடிந்தபின் இன்ஸ்டிடியூட்டில் டைப் அடிக்கக் கற்று, அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தவள். "அவரு வரட்டும் பிரபா" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் அன்புச்செல்வன் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். விருத்தாம்பாள் கம்ப்யூட்டருக்கு முன்னால் குறுக்கே நின்றாள்.

"கொஞ்சம் நவுருங்க அக்கா. டெர்மினேட் பண்ணிட்டுப் போயிடறேன்."

"எம்மேல என்ன தப்பு கண்டீங்க?"

"ஒங்க மேல ஒண்ணும் இல்லீங்க. கடைசியில இருக்கறதால பண்றது."

"கடைசியில இருந்தா தூக்கிடுவீங்களா?"

"தூக்க வேணாங்க. திருகுனாப் போதும்."

"யாரத் திருகப் போறீங்க?"

சத்தம் கேட்டு முதலாளியே வந்துவிட்டார். விருத்தாம்பாள் அவரைப் பேச விடவில்லை. எந்தப் பெட்டிக்கு எவ்வளவு வைக்கோல் வைத்தால் கட்டை உடையாது என்பதில் ஆரம்பித்து, தான் கை வைத்ததிலிருந்து உடைசல் என்று ஒரு சரக்குகூடத் திரும்பி வந்ததில்லை என்பது வரை கொட்டித் தீர்த்தாள். அன்புச்செல்வன் மெல்ல டப்பாவைத் திறந்து, விரல்நுனி அளவில் வெள்ளியாக மின்னிய ஒரு மூடியை எடுத்துக் காட்டினார்.

"இதாங்க டெர்மினேட்டரு. கேபிளு ஒரு தெரு மாதிரிங்க. கோடி தொறந்து கெடந்தா, போற சேதி முட்டிக்கிட்டுத் திரும்பி வந்து வர்ற சேதி மேல மோதும். அதுக்குத்தான் மூடி. ரெண்டு கோடியிலயும் போடணும். ஒரு கோடியில மட்டும் போட்டா ஓடாது."

"இன்னொரு கோடி எது?"

"சாரு ரூமுங்க. அங்க போட்டாச்சு."

ஷெட்டே சிரித்தது. விருத்தாம்பாளும் சிரித்துக்கொண்டே நகர்ந்து நின்றாள். மூடியைத் திருகியதும் மூன்று கம்ப்யூட்டரும் பேச ஆரம்பித்தன. சிரிக்காதவர்கள் இரண்டே பேர், முதலாளியும் ராஜாவும். அதை நான் கவனித்தேன்.

மாசம் முடிவதற்குள் முதலாளி அவளைக் கூப்பிட்டார். "ராஜா கொஞ்ச நாள் பேக்கிங்கப் பாக்கட்டும். நீ பழையபடி கிளேஸுக்குப் போம்மா" என்றார். பழைய தொட்டியை அவள் பேரைச் சொல்லிக் காலி பண்ணியும் வைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருத்தாம்பாள் "சரிங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துவர பேக்கிங் ஷெட்டுக்குப் போனாள்.

ராஜா போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் கம்ப்யூட்டர் நின்றது. முதலாளியுடையதும் நின்றது. ராஜா மூன்றையும் அணைத்துப் போட்டான், கேபிளை உதறினான், விபூதிகூட வைத்துப் பார்த்தான். வாசலில் சரக்கு ஏற்றிய லாரிக்காரன் பில் கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அன்புச்செல்வனுக்குப் போன் போட்டால், "ஷெட்டுல மூடி இருக்குதா பாருங்க" என்றார். இல்லை.

முதலாளி கிளேஸ் தொட்டிக்கு வந்தார். பின்னால் ராஜா, அவனுக்குப் பின்னால் நான். விருத்தாம்பாள் முழங்கை வரை வெள்ளையாக நின்றிருந்தாள். அவள் முந்தானை முனையில் சின்னதாக ஒரு முடிச்சு இருந்தது.

"அந்த மூடியக் குடும்மா."

"அது எனக்குப் போட்டதுங்க. நான் இருக்கற எடத்துலதான் இருக்கும்."

"மூணும் நின்னு போச்சு. லாரி நிக்குது."

"நிக்காதா மொதலாளி? டெர்மினேட் பண்ணா ரெண்டு கோடியிலயும் பண்ணணும், ஒரு கோடியில மட்டும் பண்ணா ஓடாதுன்னு அன்னைக்கே சொன்னாங்களே" என்று கையை உதறினாள் விருத்தாம்பாள். "என் கோடியில பண்ணிட்டீங்க. ஒங்க கோடியில எப்பங்க?"

லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். முதலாளி அந்த முடிச்சைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி, "டேய் ராஜா, போயி அக்கா நாற்காலியத் தொடச்சு வையி" என்றார்.