லட்லோ கிளையின் மூன்றாவது கூட்டம்

மூன்றாவது மாதமும் க்வெண்டா சாண்ட்விச் வெட்டினாள். பாதி முட்டை, பாதி வெள்ளரிக்காய். முதல் மாதம் வெட்டியதை அவளும் கணவன் கிளைவும் அந்த வாரம் முழுக்கத் தின்று தீர்த்தார்கள். இரண்டாவது மாதம் பறவைகளுக்கும் பங்கு கிடைத்தது.

"தலைவியம்மா, உங்க தொண்டர்களுக்கு முட்டை ஒத்துக்குமா?" என்றான் கிளைவ்.

"எத்தனை பேர் வருவாங்கன்னே தெரியல. இதுல முட்டை வேற."

"சுலபமா எண்ணிடலாம். விரல்கூட வேணாம்."

அவள் அடுத்த ரொட்டியை வெட்டினாள். சண்டை போடவும் தெம்பு வேண்டும்.

டன்லின் என்ற காரைச் செய்த தொழிற்சாலை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தவளை மூஞ்சிக் காரை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கு நாடு தழுவிய சங்கம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை எங்கோ ஒரு வயலில் கூடி, ஒருவர் இன்ஜினை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கலைந்துபோவார்கள். இது போதாது, ஊருக்கு ஊர் கிளை வேண்டும், மாதம் ஒரு சாயங்காலம் உறுப்பினர்கள் உட்கார்ந்து பேச வேண்டும் என்று தலைமைச் சங்கம் கேட்டபோது, லட்லோவில் கையைத் தூக்கியவள் க்வெண்டா.

கார் மேல் அப்படியொன்றும் பைத்தியம் இல்லை. இந்த ஊருக்குக் குடிவந்து ஐந்து வருஷத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட இரண்டே பேர்தான் சேர்ந்திருந்தார்கள்: பல் டாக்டர், பூனை டாக்டர். பூனையும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு மாதம் போகாவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்க நாலு பேர் இருந்தால் போதும். அவ்வளவுதான் அவள் ஆசை.

"இன்னைக்கு என் வண்டி எனக்கு வேணும். பாட்டு ஒத்திகை இருக்கு," என்றான் கிளைவ்.

க்வெண்டா கத்தியைக் கீழே வைத்தாள். இதுவரை இரண்டு கூட்டத்துக்கும் அவனுடைய சாம்பல் நிறப் புது வண்டியில்தான் போயிருந்தாள். அவளுடைய டன்லின் இருமும், ஒழுகும், ஒரு கதவு கயிற்றில் நின்றது. திருகாணியைக்கூடத் துடைத்து வைக்கும் ஆசாமிகளுக்கு முன்னால் அதில் போய் இறங்குவது, கிழிந்த உடுப்போடு கல்யாண வீட்டுக்குப் போவதுபோல.

வேறு வழியில்லை. மழையில் இருமிக்கொண்டே போய், 'கறுப்பு வாத்து' மதுக்கடையின் பின்பக்கம், கடைசி மரத்தடியில், சுவரைப் பார்த்து நிறுத்தினாள்.

உள்ளே பின்னறை மேசையில் பொம்மை டன்லின் ஒன்றையும் பெயர்ப் பலகையையும் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கடைக்காரி பெரில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்காவது வருவாங்களா, கண்ணு?"

"மழை பெய்யுதே. பழைய வண்டி வச்சிருக்கவங்க மழைல வெளிய எடுக்க மாட்டாங்க."

"போன மாசம் வெயிலடிச்சுதே?"

"வெயில்ல சூடாயிடும்."

"அப்படியே என் புருஷன்தான்," என்றாள் பெரில்.

உண்மையில் போன மாதம் ஒருவர் வந்தார். க்வெண்டா மலர்ந்த முகத்தோடு எழுந்து கை நீட்டினாள். அவர் கழிப்பறைக்கு வழி கேட்டார்.

ஏழு மணி, எட்டு மணி. சாண்ட்விச் ஓரங்கள் காய்ந்து மேலே வளைந்தன. அவளுக்குக் கணுக்காலிலிருந்து களைப்பு ஏறிக்கொண்டே வந்தது.

"கோச்சுக்காதே, கண்ணு. டார்ட்ஸ் விளையாடற ஆளுங்க இந்த ரூமைக் கேக்கறாங்க. பெரிய கும்பல். எல்லாரும் நல்லா குடிப்பாங்க."

"குடுத்துடு, பெரில்." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. "லட்லோவுல கிளை கிடையாதுன்னு நாளைக்கே சங்கத்துக்குச் சொல்லிடறேன்."

பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு, சாண்ட்விச் தட்டோடு பின்வாசலுக்கு வந்தாள். மரத்தடியில் மூன்று குடைகள், ஒரு டார்ச். அவளுடைய டன்லினின் இன்ஜின் மூடி திறந்திருந்தது. திருடர்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அதை நகர்த்தவே அவர்களுக்கு ஆள் பற்றாதே என்று அடுத்துத் தோன்றியது.

"யாரது?"

இன்ஜினுக்குள்ளிருந்து நெட்டையான கிழவர் ஒருவர் தலையை எடுத்தார். "உங்க வண்டியாம்மா? பெட்ரோல் குழாய் விரிசல் விட்டு ஒழுகுது. இதுல எப்படி வந்து சேர்ந்தீங்க?"

"கதவைக் கயித்துல கட்டினது யாரு?" என்றாள் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட குட்டைப் பெண்மணி.

"நான்தான்."

"நல்ல முடிச்சு."

"நீங்கல்லாம் யாரு?"

"டன்லின் சங்கம், லட்லோ கிளை," என்றார் நெட்டையர் நெஞ்சை நிமிர்த்தி. "நான் ஹோரஸ். இவங்க டில்லிஸ், அவர் நெவில். இப்பத்தான் எங்களுக்குள்ளயே அறிமுகம். மூணு மாசமா வரோம். கூட்டம் போடறேன்னு சொன்ன அந்தம்மாவைத்தான் காணோம்."

"வந்தீங்களா? எங்க?"

"இங்கதான். நான் ஏழுக்கு வந்து ஒரு சுத்து சுத்துவேன். ஒரு டன்லின்கூட நிக்காது. சாம்பல்ல ஏதோ ஒரு வண்டிதான் நிக்கும். கூட்டம் இல்லபோலன்னு போயிடுவேன்."

"நான் ஏழே காலுக்கு," என்றாள் டில்லிஸ். "நான் ஏழரைக்கு," என்றார் நெவில். "இன்னைக்குத்தான் ஒரு டன்லின் நின்னுது. நானும் நின்னேன்," என்றார் ஹோரஸ்.

"உள்ள வந்து பாத்திருக்கலாமே?"

சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியாதவங்க இருப்பாங்களே," என்றார் நெவில்.

க்வெண்டா தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அந்தம்மா நான்தான். அந்தச் சாம்பல் வண்டியும் நான்தான்."

மூன்று குடைகளும் அவள் பக்கம் திரும்பின.

"டன்லின் கூட்டத்துக்கு அதுலயா வந்தீங்க?" என்றாள் டில்லிஸ்.

"இதைக் காட்ட வெக்கமா இருந்துச்சு."

"இதையா?" ஹோரஸ் முகம் மிட்டாய்க் கடையைக் கண்டதுபோல மலர்ந்தது. "இதுல இருக்கற ரிப்பேரைப் பாத்து முடிக்கவே அடுத்த கோடை வந்துடுமேம்மா! என் வண்டில துடைக்கறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்ல."

"உள்ள வாங்க. ரூமைத் திருப்பிக் கேக்கறேன், கதகதப்பா இருக்கும்."

"வரோம், வரோம்," என்றார்கள். ஒருவரும் அசையவில்லை. நெவில் நனைந்த முட்டை சாண்ட்விச் ஒன்றை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, டார்ச்சை அவள் கையில் திணித்தார்.

பெரில் ஜன்னலைத் திறந்தாள். "ஏ கண்ணு, உன் ஆளுங்க வந்துட்டாங்கபோலிருக்கே. ரூமை டார்ட்ஸ் ஆளுங்களுக்கே குடுத்துடவா?"

"குடுத்துடு! எங்களுக்கு வேணாம்."

அப்புறம் வெகுநேரம் டார்ச் பிடித்தாள். தோள் கடுத்தது, செருப்புக்குள் தண்ணீர் புகுந்தது. கடைசிவரை வண்டி கிளம்பவில்லை. டில்லிஸ்தான் தன் டன்லினில் வீடுவரை கொண்டுவந்து விட்டாள்.

"அடுத்த மாசம் வரலைன்னா வீட்டுக்கே வந்து ஏன்னு கேப்பேன்," என்றாள். "உங்க வண்டி எங்ககிட்டதான் இருக்கு."

கிளைவ் கதவைத் திறந்தான். காலி தட்டைப் பார்த்தான். காலியான வாசலைப் பார்த்தான். "உன் வண்டி எங்க?"

"கூட்டத்துல இருக்கு," என்று சொல்லிவிட்டு க்வெண்டா ஈரச் செருப்பைக் கழற்றினாள். "இந்தத் தடவை எண்ணறதுக்கு விரல் வேண்டியிருந்துச்சு."