உபதேசியாரம்மாவுக்கு வந்த மாற்றல்

உபதேசியாரம்மா தேவாலயப் பீடத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே பங்குக்கோயிலில் பணியாற்றும் குருக்கள் அனைவருக்கும் மாற்றல். பட்டியலில் ஒன்பதாவது பெயர் அவளுடையது.

பதினோரு ஆண்டுகளாக அந்தப் பங்குக்குச் சாமியாரே கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாத குறையாகப் பூசை வைத்துவிட்டு ஓடிவிடுவார். மற்றபடி ஞாயிறு வழிபாடு, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை, கல்லறை வரை கூடப் போவது எல்லாம், உபதேசியார் என்ற முறையில், அவள் தலையில்தான்.

"நீ எப்ப சாமியாரான? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" என்றார் கணவர்.

அவள் பஸ் பிடித்து ஆயர் இல்லத்துக்குப் போனாள்.

செயலர் ஃபாதர் தங்கமான மனிதர். குருக்களின் பெயர்கள் அடங்கிய பெரிய பதிவேட்டை எடுத்துப் புரட்டிக் காட்டினார். முதல் பக்கத்தில், கப்பலேறி வந்த ஒருவரின் கோழிக்கிறுக்கல். பிறகு குதிரையில் சுற்றியவர்கள், சைக்கிளில் சுற்றியவர்கள். ஒரு காலத்தில் அவள் பங்குக்கே மூன்று பேர் இருந்து, யார் பிரசங்கம் வைப்பது என்று முட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரியில் அவள்.

"இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினோம்மா. 'குரு'ங்கற கட்டத்தைக் காலியா விட்டா அது அடுத்த பக்கத்துக்கே போகமாட்டேங்குது. அதான் உங்க பேரைப் போட்டு வச்சோம்."

"அப்ப நான் பூசை வைக்கலாமா ஃபாதர்?"

"ஐயையோ! அதெப்படிம்மா? நீங்க சாமியார் இல்லையே!"

"அப்ப மாற்றல் மட்டும் எப்படி?"

"பூசை திருவருட்சாதனம். மாற்றல் நிர்வாகம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

"சரி, எனக்குப் பதிலா அங்க யாரு வர்றாங்க?"

அவர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். "யாருமில்லம்மா."

"அப்ப என் பேரை எடுத்துடுங்க."

"எடுக்க ரெண்டே வழிதான். ஒண்ணு, இறந்திருக்கணும். இல்லன்னா ஓய்வு பெறணும்."

உயிர்மேல் ஆசை இருந்ததால் அவள் ஓய்வில் கையெழுத்துப் போட்டாள். ஓய்வுபெற்ற குரு விரும்பிய இடத்தில் தங்கி, உடம்பு ஒத்துழைக்கும் வரை உதவிசெய்யலாம் என்று விதியில் இருந்தது. ஆக, மாற்றல் ரத்து.

ஒரு மாதம் கழித்து ஆயரே கையெழுத்திட்ட கடிதம் வந்தது. 'தங்களது நீண்ட குருத்துவப் பணிக்குத் திருச்சபை நன்றிக்கடன் பட்டிருக்கிறது.' அதைக் கணவருக்கு வாசித்துக் காட்டி வயிறு குலுங்கச் சிரித்தாள். இரண்டாம் முறை வாசிக்கும்போது 'நன்றிக்கடன்' என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டாள். பதினோரு ஆண்டுகளில் மேலிடத்திலிருந்து நன்றி என்ற சொல் வந்தது இதுதான் முதல் தடவை.

"ரிட்டயர் ஆயாச்சுல்ல, கொஞ்சம் உக்காரு" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்காருவதற்குள் போன் அடித்தது. பக்கத்துத் தெரு தச்சர். அவருடைய அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதாம், உடனே சாமியார் வேண்டுமாம்.

"சாமியாருக்குத் தகவல் சொல்றேன். அவரு வந்து சேர மூணு மணி நேரமாவது ஆகும்" என்றாள், காலால் செருப்பைத் தேடியபடி. "அதுவரைக்கும் நான் வந்து அம்மாகூட இருக்கேன். அவங்க கையை விடாம பிடிச்சுக்க."