தழும்பு இளகியதற்குப் பாராட்டு விழா

பூந்தமல்லியில் அந்தத் தனியார் மருத்துவமனையின் வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் டாக்டர் அரவிந்தன் ஆளுயரத்துக்குச் சிரித்தார். மருந்தின் பெயர் அவருடைய காலணிக்குக் கீழே, சிறிய எழுத்தில்.

பட்டாபிராம் வேம்புலியம்மாளுக்குப் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்து, அந்த இடத்தில் சிலிக்கோன் பை வைத்திருந்தார்கள். உடம்பு அதை ஏற்கவில்லை. சுற்றிலும் தழும்புச் சதையால் உறை கட்டியது. உறை இறுகி மார்பு கல்லானது. கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. இடப்பக்கம் படுக்க முடியாது. பையை எடுத்துவிடலாம் என்று ஆபரேஷன் பட்டியலில் பெயர் எழுதினார்கள். அதற்குள் அரவிந்தனுக்கு ஒரு யோசனை: ஆஸ்துமா மாத்திரை சிலருக்குத் தழும்பை இளக்குகிறதாமே? ஆறு மாதம் சாப்பிடச் சொன்னார். ஐந்தாம் மாதமே விழாவுக்குத் தேதி குறித்தார்.

மேடைக்குப் பின்னால் மகள் சிம்ரன் அம்மாவின் புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

"இன்னாம்மா சொல்லப் போற?"

"இளகிடுச்சுன்னு சொல்லணுமாம். ஆபீஸ் பொண்ணு எழுதிக் குடுத்துகீது."

"அப்டி சொன்னீன்னா லிஸ்ட்ல உன் பேர அடிச்சிடுவாங்க. அப்பால ஆயுசுக்கும் ஒரே பக்கமா படுத்துகினு கெட."

"தெரியும்டி. சும்மா இரு."

அரவிந்தன் நாற்பது நிமிடம் பேசினார். திரையில் தழும்பின் இறுக்கத்தைக் காட்டும் ஒரு கோடு பணிவாகக் கீழே இறங்கியது. அது மொத்தம் மூன்று பேரின் கோடு; அதில் இருவர் பாதியிலேயே மாத்திரையை நிறுத்தியவர்கள். பிறகு அவர் வேம்புலியம்மாளிடம் மைக்கைக் கொடுத்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. மாத்திரை எப்படி?"

"நல்ல மாத்திர சார். இருபது வருசமா இருந்த இழுப்பு நின்னுபோச்சு. இப்பல்லாம் பேசிக்கினே மாடி ஏறறேன்."

பலத்த கைதட்டல்.

"மாருதான் அப்டியே கீது. கல்லு மாதிரி."

கைதட்டல் நின்றது. காது மந்தமான முன்னாள் டீன் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார்.

அரவிந்தன் மைக்குக்காகக் கை நீட்டினார். அவள் தரவில்லை.

"திரும்பிப் படுத்தா உசுரு போவுது சார். படிச்சவங்க அல்லாரும் இங்கதான் கீறீங்க. இத்த எப்போ எடுத்து உடுவீங்க? அத்த மட்டும் சொல்லுங்க."

ஆபரேஷன் பட்டியலைக் கவனிக்கும் டாக்டர் சபீனா முன்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"புதன்கிழமை காலி இருக்கு சார்."

"புதன்கிழமை" என்றார் அரவிந்தன், தன் உரையின் கடைசி வரியே அதுதான் என்பதுபோல.

"எத்தினி மணிக்கு நைனா?"

காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.