கண் இல்லாத இனம்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் சாப்பாட்டு மேசையில் ஞாயிறு மதியம்தோறும் ஒரு கற்பனை நாடு விரியும். அந்த நாட்டின் கதையைச் சொல்லி நடத்துவது அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி, அதற்குள் நடமாடுவார்கள். மனிதர், குள்ளர், நீளக் காதுக்காரர் என்று மூன்றே இனம். வேறெதற்கும் அனுமதி கிடையாது.

மச்சினன் வந்து உட்கார்ந்த அன்று அந்தச் சட்டம் ஆட்டம் கண்டது. அவன் பஸ் டிரைவர். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருவதை முதலில் கண்டவர் கடைக்காரர்தான். தன் கடை நாற்காலியில் வைத்து விளக்கடித்துப் பார்த்து, பெரிய டாக்டரிடம் அனுப்பினார். அவரும் கையை விரித்துவிட்டார். வேலையை விட்டபின் வீட்டுக்குள்ளேயே கிடந்தவனை அவன் அக்காதான், அதாவது கடைக்காரரின் மனைவி, இழுத்து வந்தாள்.

"மாமா, என் ஆளுக்குக் கண்ணே வேண்டாம்," என்றான். "பிறவியிலேயே கண் இல்லாத இனம். யாராவது நடந்தா தரை அதிரும்ல, பாதத்துக்கு அது போதும்."

"அப்படி ஒரு இனமே இல்லையே," என்றார் குள்ளனாக ஆடும் எலக்ட்ரீஷியன், எல்லாரும் 'தாடி' என்று கூப்பிடுபவர். "இவருக்கு விட்டா, நாளைக்கு நான் மேகமா வருவேன்."

"இருந்துட்டுப் போகட்டும்," என்றார் கடைக்காரர். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் மச்சினன் வெளுத்து வாங்கினான். குகையில் பந்தம் அணைந்தால் எல்லாரும் தடுமாற, அவன் முன்னால் நடந்தான். அவன் சிரிப்புச் சத்தம் கேட்டு அக்கா உள்ளிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தாடிக்கும், நீளக் காதுக்காரியாக ஆடும் மருந்துக்கடைப் பெண்ணுக்கும் முகம் சுண்டியது. "ஒளிஞ்சிருக்கிற எதிரிய எல்லாம் அவரே சொல்லிடறாரு. எங்களுக்கு என்ன வேலை?" என்றாள் அவள். கேள்வி நியாயம்தான். எனவே கடைக்காரர் ஓர் அகலமான ஆற்றைக் குறுக்கே வைத்தார். படகில்தான் போக முடியும். சின்னத் தடங்கல்தானே என்று நினைத்தார்.

"படகுல ஏறிட்டேன். என்ன தெரியுது மாமா?"

"தண்ணில அதிர்வு வராதே, மாப்ள. ஒண்ணும் தெரியல."

"பக்கத்துல யாரு?"

"அதுவும்தான் தெரியல."

மச்சினன் பகடையை மெல்லக் கீழே வைத்தான். "அப்ப நான் இறங்கிக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

"நான் கையப் பிடிச்சுக்கறேன்," என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"வெளியிலதான் எல்லாரும் பிடிக்கறீங்களேம்மா. இங்கயுமா?"

மறுவாரம் கடைக்காரர் ஒரு கல் பாலத்தைக் கொண்டுவந்தார். "போன வாரம் இல்லையே மாமா. எனக்காகக் கட்டாதீங்க." தாடியே இறங்கி வந்து, "ஆத்தையே எடுத்துடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார். "இருக்கிற ஆத்த எப்படி எடுப்பாரு?" என்றான் மச்சினன். அதில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறான். மற்றவர்கள் அக்கரை தாண்டி ஒரு நகரத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தன் முறை வந்தால், "கரையில இருக்கேன்," என்கிறான். வேறு வேடம் எடுக்கச் சொன்னால் தலையாட்டி மறுக்கிறான். கரையிலேயே நிற்பவனுக்கு என்ன கதை சொல்வதென்று கடைக்காரர் வாரம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்.

"இன்னிக்கு மண்ணுல ஈரம் கொஞ்சம் ஜாஸ்தி, மாப்ள," என்றார் போன வாரம்.

"சரி மாமா." மேசையைத் தடவிப் பகடையை எடுத்து, அடுத்த முறைக்காரரான தாடியின் பக்கம் தள்ளினான். அது தாடிக்கு ஒரு முழம் தள்ளிப் போய்த் தரையில் விழுந்தது. தாடி சத்தமில்லாமல் குனிந்து எடுத்துக்கொண்டார்.