இஸ்திரிப் பெட்டி இல்லாத வீடு

அத்தைக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் நீளமாகச் சொல்வார், அதுதான் கோளாறு.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. அவள் இறந்த பிறகும் என்னோடுதான் இருக்கிறார். ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வரும். சூடான உருளைக்குள் ஒரு முனையைக் கொடுத்தால், மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பட்டை உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். இப்படி நின்று நின்று ஓடினால் வேலை எப்போது முடிவது? அத்தை கிழிந்த தலையணை உறையால் பட்டையை அசையாமல் கட்டிவிட்டார். ஒரு நாள் விரிப்போடு வலது கையும் கொஞ்சம் உள்ளே போனது.

மருத்துவமனையில், வீட்டில் சுட்டுக்கொண்டதாகச் சொன்னார். மருத்துவர் நம்பவில்லை. வேலையிடக் காயமாக இருக்கலாம் என்று தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டார். நான் வேலை பார்ப்பதும் அங்கேதான். சொந்தக்காரர் விவகாரம் என்பதால் என்னை அண்டவிடவில்லை. கோப்பு எனக்கு எதிர் மேசையில் உட்காரும் அம்மாவிடம் போனது.

விரல்கள் மறுபடி மடங்க வேண்டுமென்றால் அறுவைச் சிகிச்சை வேண்டும், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். வேலையில் பட்ட காயம் என்றால் எல்லாம் வாரியத்தின் பொறுப்பு. வீட்டில் பட்டது என்றால் எங்கள் பாடு. எங்களால் முடியாது.

யார் தப்பு என்று வாரியம் பார்க்காது, வேலையில் நடந்ததா என்று மட்டும்தான் பார்க்கும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அத்தை சிரித்தார்.

"கட்டினது நானு. என்னையே கூப்பிட்டு உக்காரவச்சு வைத்தியம் பண்ணுவாங்களாக்கும்? இருக்கிற வேலையும் போயிடும், மாப்பிள்ளை. நீங்க சும்மா இருங்க."

எதிர் மேசை அம்மா வீட்டுக்கே வந்தார். விசாரணை முடியும்வரை நான் வாய் திறக்கக் கூடாது என்றார். அத்தை ஆரம்பித்தார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாராம், போன் அடித்ததாம், ஜன்னல் வழியாகப் பூனை குதித்ததாம். பூனை என்ன நிறம் என்பதுவரை வந்தது. அந்த அம்மா எதையும் எழுதவில்லை. திரும்பி என் கசங்கிய சட்டையைக் காலரிலிருந்து கடைசிப் பொத்தான்வரை பார்த்தார்.

"அந்த இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் பாக்கலாமா?"

எங்கள் வீட்டில் அது இல்லை.

அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவரைக் குத்தம் சொல்லாதீங்க. நாள் முழுக்க ஊரார் துணியைத் தேய்ச்சிட்டு வந்தா, வீட்ல துணியைக் கண்டாலே பிடிக்கல எனக்கு."

"அங்க எப்படித் தேய்ப்பீங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் அத்தை உட்கார மாட்டார். மேசை விரிப்பை உருவி, இடது கையால் செய்து காட்டினார். முனையை எப்படிக் கொடுப்பது, சுருக்கத்தை எப்படி நீவுவது, பட்டையை எந்த இடத்தில் கட்டினால் அவிழாது. அங்கே வந்ததும் கை அந்தரத்தில் நின்றது.

விரிப்பை மேசைமேலேயே போட்டார்.

"நான்தான் கட்டினேன். எழுதிக்கோங்க," என்றார் அத்தை.

"எழுதிக்கறேன். கை மாட்டினப்ப வேலையில இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அவ்வளவுதாம்மா."

அத்தை என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் வாய் திறக்க அனுமதி வரவில்லை.

சிகிச்சைக்கு ஒப்புதல் வந்தது. குணமானதும் அவரை வேலைக்குத் திரும்ப எடுத்தாக வேண்டும் என்று சலவைக்கூடத்துக்கும் கடிதம் போனது. கூடவே வாரியத்தின் பாதுகாப்பு ஆய்வாளரும் போனார். கட்டியிருந்த துணியை அவிழ்த்தார், பட்டையைச் சரியாகப் பொருத்தும்வரை இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்றார்.

மறுநாள் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற பெண்மணி சண்டைக்கு வந்தார். "உன் ஒரு கைக்காக அங்க எல்லார் கையும் சும்மா கிடக்குது."

"கை இருந்தாத்தானேடி சும்மா கிடக்கும்?"

அந்தப் பெண்மணி அத்தையின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். வந்த வேகம் இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வந்தது வந்த, தலையைப் பின்னிவிட்டுட்டுப் போ," என்றார் அத்தை. "மாப்பிள்ளை பின்னினா கயிறு திரிச்ச மாதிரி இருக்கு."