கொலு அறையில் கறுப்புக் காடு

எங்கள் வாசல் அறைக்கு மூன்று பேர் போட்டி போட்டோம். கொலு வைக்க வேண்டும் என்றார் என் மாமியார் கோமளம். வாடகைக்கு விட வேண்டும் என்றார் மாமனார் சீனிவாசராகவன். ரயில் விட வேண்டும் என்றேன் நான். என் கணவர் கண்ணன் யார் பக்கமும் இல்லை. வீட்டில் குரல் உயர்ந்தால் அவர் செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் சாஃப்ட்வேர் பையன்கள் ரூம் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஈரோட்டிலிருந்து வந்த பரத் என்ற பையன் எங்கள் வாசல் அறையைப் பார்த்துவிட்டு, "நவராத்திரி முடியட்டும் சார், நான் வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். நல்ல பையன். அதனாலேயே எனக்கு அவன்மேல் எரிச்சல் அதிகமாக இருந்தது.

நான் பொம்மசந்திராவில் ஒரு இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனை பார்க்கிறேன். முந்தைய குளிர்காலத்தில் கம்பெனி என்னைப் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்பியது. கறுப்புக் காடு என்று பெயர் பெற்ற மலைப் பகுதியில் ஒரு சின்ன ஊர். என் ஜன்னலிலிருந்து பார்த்தால், கீழ் ஸ்டேஷனிலிருந்து ஒரு சிவப்பு ரயில் மலையைச் சுற்றி ஏறி, குகைக்குள் புகுந்து, மேல் ஸ்டேஷனில் வந்து நிற்கும். தினமும் பார்த்தேன், அலுக்கவே இல்லை. ஊர் திரும்பும்போது கூட வந்தவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கினார்கள். நான் ஒரு எஞ்சின், இரண்டு பெட்டிகள், நிறையத் தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் எல்லாம் அடங்கிய பொம்மை ரயில் செட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

"எந்த ஊர்னு சொன்னே வசு?" என்றார் மாமியார்.

"பிளாக் ஃபாரஸ்ட்மா."

"அது பேக்கரில விக்கற கேக் ஆச்சே?"

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது அரை பீரோ. சமையலறை மாமியாருடையது. கூடம் மாமனாரின் ரேடியோவுடையது. படுக்கையறையில் கால் வைக்கும் இடமெல்லாம் கண்ணனின் ஃபைல்கள். நான் நினைத்ததை நினைத்தபடி செய்ய எனக்கு நாலு சுவர் வேண்டியிருந்தது. அந்த மலையும் அந்த ரயிலும் அதற்குள் இருக்க வேண்டும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, நேராகவே கேட்டேன்.

மாமனார் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். எதற்கும் ஒரு நிபந்தனை வைத்துத்தான் கையெழுத்துப் போடுவார். "கொலு முடியற வரைக்கும் ரூம் உனக்கு. அந்த ரயில் தானா மேல ஏறி, தானா கீழ வரட்டும். அப்பறம் பேசலாம். ஓடாத ரயிலுக்கு எதுக்கு ரூம்?"

அந்த வருடம் மாமியாருக்கு முழங்கால் வலி. வழக்கம் போல ஒன்பது படி கட்ட முடியாது. சுவரோரம் மூன்றே படி, அதற்கு முன்னால் கொலுவுக்குப் பார்க் கட்டும் இடத்தில் என் ஜெர்மனி என்று உடன்பாடாயிற்று.

ஒரு முழு ப்ளைவுட் பலகையைப் பழைய மேஜைகள் மேல் கிடத்தினேன். கம்பி வலையை வளைத்து, மைதாப் பசையில் ஊறிய செய்தித்தாளை ஒட்டி மலை எழுப்பினேன். எட்டாவது கிராஸ் மார்க்கெட்டில் பால் பாட்டில் கழுவும் பிரஷ்களைக் கட்டுக் கட்டாக வாங்கி, பச்சைச் சாயத்தில் முக்கி, பைன் மரங்களாக நட்டேன். செங்குத்தான கூரை வீடுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டைதான் சரிப்பட்டது. ஜெர்மன் வீட்டுக் கூரையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பிள்ளையார் இருப்பார்.

முதல் ஓட்டத்தில் எஞ்சின் பாதி மலையில் நின்று சக்கரத்தை மட்டும் சுற்றியது. ஏற்றம் அதிகம். மலையை உடைத்து, பாதையை இன்னொரு சுற்று நீட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சாய்வைக் குறைத்தேன். மறுபடியும் நின்றது. மறுபடியும் உடைத்தேன். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள். நான் மனசுக்குள் சாய்வு போட்டுக்கொண்டு வருவேன்.

ஒரு நாள் மாமியார் தன் மரப்பாச்சி ராஜா ராணியைக் கொண்டுவந்து மேல் ஸ்டேஷனில் நிறுத்தினார்.

"அம்மா, வேண்டாம். இந்த ஊர் கணக்குக்கு இவா நாலு மாடி உயரம்."

"ராஜான்னா உசரமாத்தான் இருப்பார்."

"படியில வெச்சுக்கோங்கோ. ஸ்டேஷன்ல கூடாது." கறாராகச் சொல்லிவிட்டேன். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்துப் போனார்.

அப்புறம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். கீழ் ஸ்டேஷனை ஒட்டிப் புல்வெளி வேண்டும். எங்கள் வீடுகளில் கொலு பார்க்குக்கு என்ன செய்வோம்? மண்ணைப் பரப்பி, ராகியும் கடுகும் தூவி, தண்ணீர் தெளித்து முளைக்க விடுவோம். நானும் அதையேதான் செய்தேன். கொலுவின் முதல் நாளுக்குள் பச்சைப் பசேலென்று வந்துவிட்டது. தெருப் பெண்கள் வெற்றிலை பாக்குக்கு வந்திருந்தார்கள். கன்ட்ரோலரைத் திருகினேன். ரயில் கம்பீரமாகக் கிளம்பி, புல்வெளி வளைவில் ஏறியதும் குப்புற விழுந்தது. எடுத்து வைத்தேன். அதே இடத்தில் மறுபடி விழுந்தது.

பின்னால் மாமனார் "ம்" என்றார்.

எல்லோரும் போன பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தெளித்த தண்ணீரெல்லாம் குடித்து ப்ளைவுட் உப்பியிருந்தது. நாள் முழுக்கப் பிறர் செய்த பாகங்களைக் கோணல் என்று திருப்பி அனுப்புகிறவள் நான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுவிட்டு ரம்பத்தைத் தேடினேன்.

"கொலு நடக்கறச்சே கலைக்கக் கூடாது" என்று மாமியார் வழி மறித்தார்.

"படியத் தொடலைம்மா. பார்க் மட்டும்தான்."

அவர் தன் ஸ்டூலைப் பலகைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அறுக்கறச்சே ஆடப்போறது. நான் பிடிச்சுக்கறேன்."

புல்வெளியை முளையும் மண்ணுமாக அறுத்து எடுத்தோம். புதுப் பலகை வைத்து, அடியில் கட்டை கொடுத்து முடுக்கினேன். மரம் அறுக்கும் மில்லிலிருந்து மரத்தூள் வாங்கி, பச்சைச் சாயம் போட்டு, வெயிலில் காயவைத்து ஒட்டினேன். தண்டவாளத்தைக் குனிந்து பார்த்துச் சரி செய்ய நான் வேண்டும் என்பதால், கன்ட்ரோலர் மாமியார் கைக்குப் போனது. "மெதுவா... இப்போ கொஞ்சம் கூட்டுங்கோ" என்று நான் சொல்லச் சொல்ல அவர் திருகினார். கொஞ்ச நாளில் நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. வளைவுக்கு முன் குறைத்து, ஏற்றத்தில் கூட்டி, அவருக்கே கை பழகிவிட்டது.

சரஸ்வதி பூஜையன்று வீடு நிறையக் கூட்டம். மாமியார் திருகினார். ரயில் புல்வெளி வளைவைத் தாண்டியது. மலையைச் சுற்றியது. குகைக்குள் போய்க் காணாமல் போனபோது நான் மூச்சு விடவில்லை. வெளியே வந்து மேல் ஸ்டேஷனில் நின்றது. பிறகு அதே வழியில் சமர்த்தாக இறங்கியது. வந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எதிர் வீட்டு சாந்தகுமாரி சுண்டலை வாங்கிக்கொண்டே, "பாவம் மாமி, குழந்தை இல்லாத குறைக்கு உங்க மாட்டுப்பொண்ணு பொம்மை ரயில் வெச்சிண்டிருக்கா" என்றாள்.

எனக்கு உச்சி வரை சூடேறியது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் திறந்துவிட்டார். "குறையுமில்லை, ஒண்ணுமில்லை. அவளுக்கு ரயில் பிடிக்கும், கட்டினா. இந்த மலையை எத்தனை தடவை உடைச்சுக் கட்டியிருக்கா தெரியுமோ உனக்கு? சுண்டல் ஆறிடும், சாப்பிடு."

விஜயதசமியன்று விளக்கு வைத்ததும் மாமனாரிடம் போனேன். "அப்பா, ரயில் ஓடித்து."

"ஓடித்து. பார்த்தேன். சாய்வு நன்னா போட்டிருக்கே." கண்ணாடியைத் துடைத்தார். "ஆனா அந்தப் பையன் இவ்வளவு நாள் காத்துண்டிருக்கான். கொலு முடியற வரைக்கும்னுதானே சொன்னேன்? நாளைக்கு எல்லாத்தையும் பரண்ல ஏத்திடு."

அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. இந்த வீட்டில் கடைசியில் எல்லாம் இப்படித்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் ஆரத்தி எடுத்தார். இனி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டால் கொலு முடிந்தது, மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் படுப்பது எப்போதும் மரப்பாச்சிகள்தான். மாமியார் ராஜாவையும் ராணியையும் படியிலிருந்து கையில் எடுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். கொண்டுபோய் மேல் ஸ்டேஷனில் நிறுத்தினார்.

"கோமளம், படுக்க வைக்கலை?" என்றார் மாமனார்.

"ரயிலுக்கு நின்னுண்டிருக்கா. இவா படுக்கற வரைக்கும் கொலு முடியலை. நீங்க போட்ட கண்டிஷன்தானே?"

கண்ணன் செய்தித்தாளை இறக்கிவிட்டு வெளியே வந்தார். அதற்குள் டெலிபோன் அடித்தது. பரத்தான். மாமனார் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு மரப்பாச்சிகளைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இல்லப்பா, எங்காத்துல கொலு இன்னும் முடியல... எப்போ முடியும்னு சொல்ல முடியாது. உன்னைக் காக்க வெச்சது என் தப்பு. எதிர்த்த ஆத்துல மாடி ரூம் காலியா இருக்கு, நானே வந்து பேசித் தரேன்."

மேல் ஸ்டேஷனில் ராஜாவும் ராணியும் நாலு மாடி உயரத்துக்கு நின்றார்கள். ராணியின் தோளில் ஒரு விளக்குக் கம்பம் இடித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடுங்கி, கொஞ்சம் தள்ளி நட்டேன்.